கண்டென்சேட்டை அளக்க எந்த மீட்டர்? – வாசகர் கேள்வி, பட்டறைப் பதில்

போன மாசம் பாய்லர் எண்ணெய்ச் செலவைப் பத்தி எழுதும்போது போற போக்குல ஒரு வரி போட்டுட்டேன், "திரும்பி வர்ற கண்டென்சேட்டை அளக்காதவங்க கணக்கு பாதிக் கணக்குதான்"னு. அந்த ஒத்த வரிக்கு வந்த வாட்ஸப்பைப் பாத்து நானே அசந்துட்டேன், இந்தச் சின்ன மொரிஷியஸ் தீவுல இத்தனை பேர் பாய்லர் பக்கத்துல வேலை பாக்குறீங்களான்னு. அதனால இந்த மாசம் முழுக்க அதேதான், சோலார் ஹீட்டர் பத்திக் கேட்டவங்க கொஞ்சம் பொறுத்துக்குங்க. பாய்லர் பக்கமே போகாதவங்களுக்காக ஒண்ணு சொல்லிடறேன்: ஸ்டீம் தன் சூட்டை சாமானுக்குக் கொடுத்துட்டு மறுபடி தண்ணியா மாறி நிக்குமே, அதான் கண்டென்சேட். ஸ்டீமை விடாம அந்தத் தண்ணியை மட்டும் வெளிய விடுற வால்வுதான் ட்ராப். கண்டென்சேட்டுன்னா நல்ல சூடு, நல்ல சுத்தம், ஏற்கனவே காசு கொடுத்துக் காய்ச்சின தண்ணி.

கேள்வி: ஐயா, நான் கோரோமாண்டல் பக்கம் ஒரு சாயப்பட்டறையில மெயின்டனன்ஸ் பாக்குறேன். ஆறு டையிங் மெஷின், 5 பார் ஸ்டீம், எல்லா ட்ராப்ல இருந்தும் மணிக்கு சுமாரா 3 டன் கண்டென்சேட் ஒரே 80 மிமீ லைன்ல சேர்ந்து ரிசீவர் டேங்குக்கு வருது, அங்கிருந்து பம்ப் அதை பாய்லரோட ஃபீட் டேங்குக்கு ஏத்துது. அந்த 80 மிமீ லைன்ல ஒரு மேக் மீட்டர், அதான் காந்தத்தை வெச்சு ஓட்டத்தை அளக்கிறது, போட்டோம். ஒரு நிமிஷம் 0 காட்டுது, அடுத்த நிமிஷம் ஃபுல் ஸ்கேல். வித்தவங்க எர்த் சரியில்லைன்னாங்க, எர்த்தும் புதுசா அடிச்சாச்சு, அப்பவும் அதே ஆட்டம். மீட்டர் பழுதா, இல்ல நாங்க பழுதா?

பதில்: சோழமண்டலக் கரைப் பேரை வெச்ச ஊர்ல இருந்து கேள்வி வந்தா பதில் சொல்லாம இருக்க முடியுமா தம்பி. மீட்டரும் பழுதில்ல, நீங்களும் பழுதில்ல, அது உக்காந்திருக்கிற இடம்தான் தப்பு. ட்ராப்புக்குப் பின்னாடி ஓடுறது தண்ணின்னு நெனச்சுட்டீங்க. எல்லாரும் அப்படித்தான் நெனப்பாங்க. ஆனா ட்ராப்புக்கு முன்னாடி 5 பார்ல கிட்டத்தட்ட 159 டிகிரில இருந்த தண்ணி ட்ராப்பைத் தாண்டின உடனே வெளிக்காத்து அழுத்தத்துக்கு வந்துடுது, அந்த அழுத்தத்துல 100 டிகிரிக்கு மேல தண்ணி தண்ணியா இருக்க முடியாது, அப்ப அந்த மிச்சச் சூடு எங்க போகும், கொஞ்சம் தண்ணியை மறுபடி ஆவியாக்கிட்டுத்தான் அடங்கும். இதுக்குப் பேர்தான் ஃப்ளாஷ் ஸ்டீம். குக்கர் வெயிட்டைச் சட்டுனு தூக்கினா உள்ள இருக்கிற பருப்புத் தண்ணி சீறிக்கிட்டு மேல வருமே, அதே சமாச்சாரம்.

எவ்வளவு ஆவியாகும்னு கணக்கு போட்டுப் பாத்துடலாம். 5 பார்ல ஒரு கிலோ தண்ணி வெச்சிருக்கிற சூடு சுமார் 670 கிலோஜூல், வெளிக்காத்துல 100 டிகிரி தண்ணி வெச்சுக்க முடியிறது 419 தான். மிச்சம் 251. ஒரு கிலோ தண்ணியை ஆவியாக்க 2257 வேணும். வகுத்தா 11 சதவீதம் வருது. ப்பூ, இவ்வளவுதானான்னு தோணும், ஆனா அது எடைக்கணக்கு, மீட்டர் பாக்குறது இடக்கணக்கு. உங்க 3 டன்ல 330 கிலோ ஆவி, மிச்சம் தண்ணி. அந்தத் தண்ணி பிடிக்கிற இடம் 2.8 கன மீட்டர், அந்த ஆவி பிடிக்கிற இடம் 550 கன மீட்டர்! குழாய்க்குள்ள நூத்துக்குத் தொண்ணூத்தொம்பதரை பங்கு ஆவிதான், தண்ணி அடியில ஓரமா ஒண்டிக்கிட்டு ஓடுது. 80 மிமீ குழாய்ல அந்த ஆவி செகண்டுக்கு 30 மீட்டர் வேகத்துல போகுது, மோட்டர்வேல கார் போற வேகம் அது. டையிங் மெஷின்ல கன்ட்ரோல் வால்வு ஸ்டீமைக் குறைச்சு விடும்போது இந்தக் கணக்கு கொஞ்சம் இறங்கும், ஆனாலும் கதை மாறாது. உங்க லைன் அப்பப்ப டம்முனு இடிக்குதா? நீங்க எழுதலை, ஆனா இடிக்கும்னு பந்தயம் கட்டறேன்.

மேக் மீட்டருக்கு ரெண்டு எலக்ட்ரோடும் தண்ணியில முங்கியிருக்கணும். உங்க குழாய்ல ஒரு நேரம் முங்குது ஒரு நேரம் காயுது, அதான் 0, ஃபுல், 0, ஃபுல். அந்த இடத்துல கடையில கிடைக்கிற எந்த மீட்டரைப் போட்டாலும் ஒழுங்கா வராது, மூணு மடங்கு விலையில வாங்கினாலும் இதே கதிதான், அதனால வேற மீட்டர் வாங்காதீங்க, முதல்ல இடத்தை மாத்துங்க.

எங்க மாத்துறது? ரிசீவருக்கு அப்புறம், பம்புக்கு அப்புறம். ரிசீவர்ல ஆவி வென்ட் வழியா மேல போயிடும், தண்ணி மட்டும் கீழ நிக்கும், பம்ப் அதை அழுத்தம் கொடுத்துத் தள்ளும்போது குழாய் நெறைஞ்சு தண்ணியா ஓடும். அந்த டிஸ்சார்ஜ் லைன்ல, பம்ப் பக்கத்துலயே, கீழ் மட்டத்துல. மேல ஃபீட் டேங்க் வாய்க்கிட்ட போட்டுடாதீங்க, அங்க அழுத்தம் குறைஞ்சிடும், மீட்டருக்குள்ள இன்னும் கொஞ்சம் விழுந்தா 95 டிகிரி தண்ணி மறுபடி கொதிக்க ஆரம்பிச்சிடலாம். குழாய் மேல் நோக்கி ஏறுற இடம் கிடைச்சா அதுதான் சொர்க்கம், எப்பவும் நெறைஞ்சிருக்கும். பம்ப் தண்ணியை உறிஞ்சுற சக்ஷன் பக்கம் மட்டும் எந்த மீட்டரையும் வைக்கவே வைக்காதீங்க, சுடுதண்ணிப் பம்புக்கு ஏற்கனவே மூச்சு முட்டுது, அதோட மூக்கையும் பொத்தின மாதிரி ஆயிடும்.

உங்ககிட்ட இருக்கிற மேக் மீட்டரையே அங்க மாத்திப் போடலாமான்னு அடுத்த கேள்வி வரும். போடலாம், ஆனா முன்னாடி ஒரு சாம்பிள் எடுத்து கண்டக்டிவிட்டி அளந்துடுங்க. மேக் மீட்டர் வேலை செய்யணும்னா தண்ணியில கொஞ்சமாவது மின்சாரம் ஓடணும், சாதாரண மாடலுக்கு குறைஞ்சது 5 மைக்ரோசீமன்ஸ் கேப்பாங்க, சில கம்பெனி 20 கூட கேக்கும். நல்ல கண்டென்சேட் கிட்டத்தட்ட காய்ச்சி வடிச்ச தண்ணி, சில நேரம் 2, 3ன்னுதான் நிக்கும். பாய்லர்ல குழாய் அரிக்காம இருக்க அமீன் மருந்து போடுறவங்களுக்கு கொஞ்சம் கூட வரும். இதுல ஒரு வேடிக்கை இருக்கு, கண்டென்சேட் எவ்வளவுக்கு எவ்வளவு சுத்தமா இருக்கோ அவ்வளவுக்கு மேக் மீட்டர் திணறும். இன்னொண்ணு, மீட்டர் உள்சுவத்துல ஒட்டியிருக்கிற லைனர் டெஃப்லான்னா அதோட டெம்பரேச்சர் லிமிட்டையும் வேக்குவம் லிமிட்டையும் ஷீட்ல பாருங்க. சனிக்கிழமை சாயங்காலம் பிளான்ட்டை நிறுத்தினதும் உள்ள இருக்கிற ஆவி குளிர்ந்து சுருங்கி குழாய்ல வேக்குவம் பிடிக்கும், அது லைனரைச் சுவத்துல இருந்து உரிச்சு உள்ள இழுத்துடும். திங்கக்கிழமை வந்து பாத்தா மீட்டர் இருக்கும், லைனர் இருக்காது.

கேள்வி: அண்ணா, ரோஸ் ஹில்லுல இருந்து எழுதுறேன், பர்ச்சேஸ்ல இருக்கேன், இஞ்சினியர் இல்ல. கண்டென்சேட் பம்ப் டிஸ்சார்ஜுக்கு மீட்டர் வேணும்னு பிளான்ட்ல இருந்து கேட்டாங்க. டர்பைன், வார்டெக்ஸ், கோரியாலிஸ்னு மூணு கொட்டேஷன் வந்திருக்கு, விலை மலைக்கும் மடுவுக்கும். எல்லாரும் தங்களுதுதான் பெஸ்ட்டுங்கிறாங்க. நான் என்ன கேக்கணும்?

பதில்: தங்கச்சி, விக்கிறவங்ககிட்ட கேக்கிறதுக்கு முன்னாடி உங்க பிளான்ட் ஆளுங்ககிட்ட ஒரே ஒரு கேள்வி கேளுங்க: பம்ப் ஓடும்போது மணிக்கு எத்தனை கன மீட்டர் தள்ளுது? "ஒரு நாளைக்கு எத்தனை டன்"னு கேக்காதீங்க, "சராசரி எவ்வளவு"ன்னும் கேக்காதீங்க. இதைக் கேக்காம நான் பட்ட அவமானத்தைச் சொல்றேன் கேளுங்க.

ரொம்ப வருஷம் முன்னாடி, பேர் வேண்டாம், ஒரு தொழிற்சாலையில இதே வேலை. சராசரி மணிக்கு 3 கன மீட்டர்னு சொன்னாங்க, நான் சூத்திரத்தைத் தட்டி 25 மிமீ மீட்டர் போதும், வேகம் 1.7 மீட்டர் வருது, பிரமாதம்னு எழுதிக் கொடுத்தேன், அவங்களும் 50 மிமீ லைனை வெட்டி ரெட்யூசர் போட்டு மாட்டினாங்க. பம்ப் ஸ்டார்ட் ஆச்சு பாருங்க, குழாய்க்குள்ள கூழாங்கல்லைக் கொட்டின மாதிரி சத்தம். என்னன்னா அந்தப் பம்ப் ஃப்ளோட் சுவிட்ச்ல ஓடுது, டேங்க் நெறைஞ்சா ரெண்டு நிமிஷம் ஓடும், அப்புறம் ஆறு நிமிஷம் தூங்கும். சராசரி 3 தான், ஆனா ஓடும்போது 12. என் 25 மிமீ மீட்டர்ல அது செகண்டுக்கு ஏழு மீட்டர் கிட்ட, அழுத்தம் விழுந்து தண்ணி உள்ளயே கொதிச்சு குமிழி வெடிக்குது. கேவிடேஷன். ஃபோர்மன் என்னைப் பாத்த பார்வை இன்னும் மறக்கலை. 50 மிமீலயே விட்டிருந்தா 12 கன மீட்டருக்கு 1.7 மீட்டர், வெண்ணெய் மாதிரி ஓடியிருக்கும்.

சரி, உங்க மூணு கொட்டேஷனுக்கு வர்றேன். டர்பைன் விலை கம்மி, அளவும் நல்லாத்தான் காட்டும், ஆனா உள்ள ஒரு விசிறி சுத்துது, அதுக்கு பேரிங் இருக்கு. கண்டென்சேட் லைன் இரும்புக் குழாயா இருந்தா கறுப்பா துருப்பொடி வந்துக்கிட்டே இருக்கும், அது பேரிங்கைத் தின்னுடும். போதாததுக்கு காலையில முதல் ஸ்டார்ட்ல காத்தோ ஆவியோ வந்தா விசிறி கண்டபடி வேகமா சுத்தி சேதமாகும். ஸ்ட்ரெய்னர் போட்டு வாராவாரம் கழுவுற ஆள் இருந்தா வாங்கலாம். உங்க பிளான்ட்ல அந்த ஆள் இருக்காரான்னு உங்களுக்கே தெரியும்.

கோரியாலிஸ் ராஜா. நேரா எடையையே சொல்லும், சூடு குளிர்னு திருத்தம் எதுவும் போட வேண்டாம், முன்னும் பின்னும் நேர்க்குழாய் வேணும்னு அடம்பிடிக்காது. ஆனா 50 மிமீ கோரியாலிஸ் விலைக்கு ரெண்டு மூணு லைனுக்கு வார்டெக்ஸ் போட்டுடலாம். பாய்லருக்குத் திரும்பிப் போற தண்ணியை அளக்க அவ்வளவு துல்லியம் எதுக்கு, நாம என்ன வாசனைத் தைலமா விக்கிறோம்? தங்கம் நிறுக்கிற தராசுல வெங்காயம் நிறுக்கிற வேலை.

என் ஓட்டு வார்டெக்ஸுக்கு. சுத்துற சாமான் எதுவும் உள்ள இல்ல, சூடு தாங்கும், தண்ணி எவ்வளவு சுத்தமா இருந்தாலும் அதுக்குக் கவலை இல்ல. அதுக்கு வேண்டாதது ரெண்டு, ஒண்ணு மெதுவான ஓட்டம், செகண்டுக்கு அரை மீட்டருக்குக் கீழ போனா நம்ப முடியாது, இன்னும் இறங்கினா பூஜ்யம்னுடும். ஆனா உங்க பம்ப் ஓடினா முழுசா ஓடுது, இல்லாட்டி நிக்குது, நடுவுல தவழுற வேலையே இல்ல, அதனால வார்டெக்ஸுக்கு இதைவிட நல்ல மாப்பிள்ளை கிடைக்காது. ரெண்டாவது, எல்போ, வால்வு பக்கத்துல வெச்சா பிடிக்காது. முன்னாடி குழாய் விட்டத்தைப் போல 15, 20 மடங்கு, பின்னாடி 5 மடங்கு நேர்க்குழாய் வேணும். 50 மிமீக்கு முன்னாடி ஒரு மீட்டர் நீளம்னு வெச்சுக்குங்க.

விக்கிறவங்ககிட்ட கேக்க வேண்டியது: பம்ப் ஓடும்போது இருக்கிற ஃப்ளோவுக்கு மீட்டர்ல எவ்வளவு அழுத்தம் விழும், அதுக்குப் பின்னாடி எவ்வளவு அழுத்தம் இருக்கணும். ஒரு பொதுக்கணக்கு உண்டு, விழுற அழுத்தத்தை 2.7 ஆல பெருக்கி, அந்தச் சூட்டுல தண்ணியோட ஆவி அழுத்தத்தை 1.3 ஆல பெருக்கி, ரெண்டையும் கூட்டணும். 90 டிகிரி தண்ணிக்கு ஆவி அழுத்தம் 0.7 பார். மீட்டர்ல 0.2 விழுதுன்னா மொத்தம் 1.45 பார், இது முழு அழுத்தம், கேஜ்ல பாத்தா 0.45க்குக் கொஞ்சம் குறையாதான் வரும். ஃபீட் டேங்க் ஆறு மீட்டர் உசரத்துல இருந்து மீட்டர் கீழ இருந்தா அந்த உசரத் தண்ணியே இதைக் கொடுத்துடும். இந்தக் கணக்கைக் கேட்டதும் முழிக்கிறவன்கிட்ட வாங்காதீங்க.

இன்னொரு சின்ன விஷயம், வார்டெக்ஸ் சொல்றது கன மீட்டர். 90 டிகிரில ஒரு கன மீட்டர் 965 கிலோதான், 1000 இல்ல. அதை 1000னு எடுத்துக்கிட்டா மூணரை சதவீதம் கூடுதலா காட்டும். டிஸ்பிளேல டென்சிட்டி போடுற இடம் இருக்கும், கமிஷனிங் அன்னைக்கே போட வைங்க.

கேள்வி: வார்டெக்ஸ் மீட்டர்ல எதுவுமே சுத்தலைன்னா அது எப்படித்தான் அளக்குது? – காலேஜ் மாணவி, கத்ர் போர்ன்

பதில்: சைக்கிளோன் வர்றதுக்கு முந்தின ராத்திரி ஜன்னலைச் சாத்திட்டுப் படுத்திருக்கும்போது கரன்ட் கம்பி ஊஊஊன்னு ஊளையிடுமே கேட்டிருக்கியாம்மா? காத்து கூடக்கூட அந்தச் சுதியும் ஏறும். கம்பியைத் தாண்டிப் போற காத்து ஒரு தடவை இந்தப் பக்கம் ஒரு தடவை அந்தப் பக்கம்னு மாத்தி மாத்தி சுழி விடுது, அதோட சத்தம்தான் அது. 1878ல ஸ்ட்ரோஹால்னு ஒருத்தர் இதை அளந்து, வேகத்துக்கும் சுதிக்கும் நேர்க்கணக்கு இருக்குன்னு சொல்லிட்டார். மீட்டருக்குள்ள குறுக்க ஒரு கட்டை நிக்கும், அதுக்குப் பின்னாடி ஒரு சென்சார் சுழியை எண்ணும். அவ்வளவுதான். எங்க பாட்டி அந்தச் சத்தத்தைக் கேட்டே "இது பெரிய காத்து"ன்னு சொல்லிடுவா, மீட்டர் செய்யிறதும் அதே வேலைதான்.

கேள்வி: குழாயை வெட்டாம வெளியிலேயே மாட்டுற அல்ட்ராசோனிக் மீட்டர் போதாதா? வெல்டிங் செலவு மிச்சம்.

பதில்: ஒரு வாரத்துக்கு வாடகைக்கு எடுத்துப் பாக்க ரொம்ப நல்லது. நிரந்தரமா வைக்க எனக்கு மனசு வராது. சூட்டுக்குத் தகுந்த சென்சாரா கேட்டு வாங்கணும், குழாய்க்கும் சென்சாருக்கும் நடுவுல தடவுற கிரீஸ் சூட்டுல காஞ்சிடும், பழைய குழாய்க்குள்ள துரு அடை அடையா இருந்தா சத்தம் உள்ள போகாது, தண்ணியில குமிழி இருந்தா அதுவும் போச்சு. புதுக்குழாய், பம்புக்குப் பின்னாடி, இன்சுலேஷனை உரிச்சு நல்லா தேச்சு மாட்டினா சரியாவே காட்டும்.

கேள்வி: வணக்கம் ஐயா. ஃப்ளாக் பக்கம் சர்க்கரை ஆலையில இந்த வருஷம்தான் இன்ஸ்ட்ருமென்ட் ட்ரெயினியா சேர்ந்தேன். கரும்புச்சாறை வத்த வைக்கிற எவாப்பரேட்டர்ல, வரிசையா நிக்கிற பாத்திரம் ஒவ்வொண்ணுல இருந்தும், அதாவது ஒவ்வொரு எஃபெக்ட்ல இருந்தும், கண்டென்சேட் தனித்தனியா வருது. எல்லாத்தையும் ஒரே மாதிரி மீட்டர்ல அளக்கலாமான்னு சீனியர்கிட்ட கேட்டேன், சிரிச்சுட்டுப் போயிட்டார்.

பதில்: சிரிச்சது தப்பு தம்பி, ஆனா எதுக்குச் சிரிச்சார்னு சொல்றேன். முதல் எஃபெக்ட்ல சூடு கொடுக்கிறது டர்பைன்ல இருந்து வர்ற எக்ஸாஸ்ட் ஸ்டீம், அதோட கண்டென்சேட் சுத்தமானது, நேரா பாய்லருக்குப் போகும். ரெண்டாவது எஃபெக்ட்ல இருந்து சூடு கொடுக்கிறதே கரும்புச்சாறு கொதிச்ச ஆவி, அப்ப அதுல வர்ற கண்டென்சேட் சாறுல இருந்து வந்த தண்ணி. சாறு பொங்கி ஆவியோட கொஞ்சம் போச்சுன்னா அதுல சர்க்கரை கலந்துடும், பாய்லருக்குள்ள சர்க்கரை போனா அமிலமாகி டியூபை அரிக்கும். அதனாலதான் லேப்ல ஆல்ஃபா நாஃப்தால் போட்டு நிறம் மாறுதான்னு ஓயாம பாத்துக்கிட்டே இருக்காங்க. இந்த ரெண்டாந்தரத் தண்ணி பெரும்பாலும் மில்லுல சக்கையை நனைக்கிற இம்பிபிஷனுக்கும் மத்த சுடுதண்ணி வேலைக்கும் போகும்.

மீட்டர் விஷயத்துக்கு வந்தா, முதல் எஃபெக்ட் கண்டென்சேட் சுத்தம், ஆகவே மேக் மீட்டருக்கு ஆபத்து, வார்டெக்ஸோ, குழாய்க்குக் குறுக்க ஓட்டைத் தகடு வெச்சு அழுத்த வித்தியாசத்தை அளக்கிற ஆரிஃபிஸோ போடு. லாகூப்னு சொல்ற கரும்பு வெட்டு சமயத்துல ஆலை நிக்காம ஓடும், ஃப்ளோ ஓரளவு நிலையா இருக்கும், அதனால ஆரிஃபிஸ் கூட அங்க சரிதான். மூணுக்கு ஒண்ணு, மிஞ்சிப்போனா நாலுக்கு ஒண்ணு வரைக்கும்தான் அது நம்பகமா அளக்கும், அதுக்குக் கீழ ஃப்ளோ இறங்கினா அந்த வித்தியாசத்தை, அதாவது டிபியை, அளக்கிற டிபி ட்ரான்ஸ்மிட்டருக்கு அளக்க ஒண்ணும் மிஞ்சாது, ஃப்ளோ பாதியானா டிபி கால்வாசி ஆயிடுமே. பின்னாடி எஃபெக்ட் தண்ணியோட கண்டக்டிவிட்டியை நீயே லேப்ல அளந்து பாரு, போதுமான அளவு இருந்தா மேக் மீட்டர் தாராளமா போடலாம், அழுத்தமே விழாது, பெரிய குழாய்க்கு அது சுகம்.

ஆனா உன் சீனியர் சிரிச்சது இதுக்கு இல்ல. கடைசி எஃபெக்ட்ல சூடு கொடுக்கிற பகுதி, கலாண்ட்ரியா, வேக்குவத்துல இருக்கு. அங்க கண்டென்சேட் 100 டிகிரிக்கு ரொம்பக் கீழ இருந்தாலும் அந்த வேக்குவத்துக்கு அதுதான் கொதிநிலை. தொட்டா சுடுதண்ணி, ஆனா குணம் கொதிக்கிற தண்ணி. பம்புக்கு முன்னாடி எதை வெச்சாலும் அழுத்தம் விழுந்து கொதிச்சுடும், பம்ப் வெறும் ஆவியைக் கடைஞ்சுக்கிட்டு நிக்கும், கண்டென்சேட் கலாண்ட்ரியாவுலேயே தேங்கி எவாப்பரேட்டர் மந்தமாயிடும், அப்புறம் ஷிஃப்ட் முழுக்க உன்னைத் திட்டுவாங்க. மீட்டரை வைக்கிறது பம்புக்கு அப்புறம், அழுத்தம் நல்லா இருக்கிற இடத்துல மட்டும். குழாயை வெட்டுற வேலை எல்லாம் சீசன் முடிஞ்சு ஆலை நிக்கிற ஆன்ட்ரகூப்ல வெச்சுக்கோ, நடு சீசன்ல ஃபிளேஞ்சைக் கழட்டுறேன்னு போய் நிக்காத.

ஒரு லாபமும் சொல்றேன். ஒரு ஹீட்டருக்கோ எவாப்பரேட்டருக்கோ போற ஸ்டீம் முழுசும் தண்ணியாகி வெளிய வருதுன்னா கண்டென்சேட்டை அளந்தாலே ஸ்டீமை அளந்த மாதிரிதான், ஃப்ளாஷ் ஆவியா வென்ட்ல போறதை விட்டா கிலோவுக்குக் கிலோ. பெரிய ஸ்டீம் லைன்ல மீட்டர் போடுறதை விட சின்னக் கண்டென்சேட் லைன்ல போடுறது மலிவு. ட்ராப் ஒழுங்கா மூடுதான்னு மட்டும் பாத்துக்கணும், ஒழுகுற ட்ராப் வழியா போற ஸ்டீம் ரிசீவர் வென்ட்ல பறந்துடும், மீட்டர்ல வராது.

கேள்வி: கண்டென்சேட்டுக்குத் தமிழ்ல என்னங்க? – தமிழ் ஆசிரியை, போர்ட் லூயிஸ்

பதில்: பாடப்புத்தகத்துல இந்த நிகழ்வை ஆவி சுருங்குதல்ங்கிறாங்க, அப்ப அந்தத் தண்ணியைச் சுருங்குநீர்னு சொன்னா உங்களுக்குப் பிடிக்குமாங்க டீச்சர்? எனக்குப் பிடிச்சிருக்கு. பட்டறையில யாரும் சொல்ல மாட்டாங்க. நான் வேலைக்குச் சேர்ந்தப்ப பழைய ட்ராயிங் எல்லாம் பிரெஞ்சுல இருக்கும், கோந்தான்ஸான்னு எழுதியிருப்பான், ட்ராப்பை புர்ஜேர்னுதான் பெரியவங்க கூப்பிடுவாங்க. வாய் பிரெஞ்சு, கை கிரியோல், கணக்கு மட்டும் தமிழ்ல போட்டேன்.

கேள்வி: நான் ஒரு சின்ன ஃபேக்டரி வெச்சிருக்கேன். கண்டென்சேட் எப்படியும் டேங்குக்குத்தான் திரும்பி வருது, அதை அளந்து எனக்கு என்ன ஆகப்போகுது? மீட்டர்க் காசுக்கு வேற வேலை இருக்கு.

பதில்: ஆத்துல போட்டாலும் அளந்து போடுன்னு உங்க பாட்டி சொல்லலையா முதலாளி? எப்படியும் வருதுன்னு நெனக்கிறீங்க, எவ்வளவு வருதுன்னு தெரியாது. அந்த சாயப்பட்டறைத் தம்பியோட கணக்கையே எடுத்துக்குங்க. ஃப்ளாஷ் ஆவியை இப்பக் கழிக்காம மணிக்கு 3 டன், 90 டிகிரின்னு வெச்சுக்குங்க. அது வரலைன்னா அதுக்குப் பதிலா 25 டிகிரி பச்சைத்தண்ணி ஊத்திக் காய்ச்சணும். 65 டிகிரி வித்தியாசம், மணிக்கு சுமார் 817 மெகாஜூல். பாய்லர் 80 சதவீதம் திறமையா ஓடுதுன்னு வெச்சா மணிக்கு 25 கிலோ ஃபர்னஸ் ஆயில், ராத்திரி பகலா ஓடினா ஒரு நாளைக்கு 600 கிலோ. பச்சைத்தண்ணிக்கு ஆகுற சாஃப்ட்னர் உப்பு, மருந்து, உப்பு சேராம இருக்க பாய்லர் தண்ணியை வெளிய விடுற கூடுதல் புளோடவுன் எல்லாம் இதுல சேர்க்கலை. உங்க ஃபேக்டரி இதுல மூணுல ஒரு பங்குன்னாலும் பெருக்கிப் பாருங்க.

இருந்தாலும் நான் உங்களை உடனே மீட்டர் வாங்கச் சொல்ல மாட்டேன். முதல்ல ஓசியில அளங்க. பம்ப் ஸ்டார்ட்டர்ல ஒரு ஹவர் மீட்டர் மாட்டுங்க, விலை ஒண்ணும் பெருசில்ல. ரிசீவர் டேங்க்ல பம்ப் ஓடும்போது எவ்வளவு மட்டம் இறங்குதுன்னு ஸ்டாப்வாட்ச் வெச்சுப் பாருங்க. ஒரு மீட்டர் விட்டமுள்ள நிமிர்ந்த டேங்க்ல 40 சென்டிமீட்டர் இறங்கினா 314 லிட்டர், அதோட அந்த நேரத்துல உள்ள வந்த தண்ணியையும் சேர்த்துக்கணும், இதை நிறைய பேர் மறந்துடறாங்க. அப்புறம் அதை மணிக்கு இத்தனை லிட்டர்னு மாத்தி, ஒரு நாளைக்கு எத்தனை மணி பம்ப் ஓடுச்சோ அதால பெருக்குங்க. பத்து சதவீதம் முன்னப்பின்ன வரும், பரவாயில்ல, திரும்பி வர்றது பாதியா முக்காலான்னு தெரிஞ்சாலே உங்களுக்குத் தூக்கம் போயிடும். கரன்ட் பம்ப் இல்லாம ஸ்டீமே தள்ளுற மெக்கானிக்கல் பம்ப் வெச்சிருந்தா இன்னும் சுலபம், ஒவ்வொரு அடிக்கும் ஏறக்குறைய அதே அளவுதான் தள்ளும், அடியை எண்ண ஒரு கவுன்ட்டர் மாட்டினா அதுவே மீட்டர்.

ஒத்த மெஷினை மட்டும் பாக்கணும்னா டிரம் முறை. 200 லிட்டர் டிரம்ல 80 கிலோ பச்சைத்தண்ணி ஊத்தி எடை போட்டு, ட்ராப்புக்குப் பின்னாடி இருக்கிற குழாய் நுனியைத் தண்ணிக்கு அடியில விட்டு, நேரம் பாத்து ஒரு 20, 25 கிலோ சேர்ந்ததும் எடுத்துட்டு மறுபடி எடை போடுங்க. பச்சைத்தண்ணி ஃப்ளாஷ் ஸ்டீமையும் விழுங்கிடும், அதனால எடை முழுசா வரும். பூட்ஸ், நீளக் கையுறை, முகக்கண்ணாடி இல்லாம கிட்ட போகாதீங்க, முடிஞ்சதும் முதல்ல வால்வை மூடுங்க, அப்புறம்தான் குழாயை வெளிய எடுக்கணும், மாத்திச் செஞ்சு கையைச் சுட்டுக்கிட்டவங்களை எனக்குத் தெரியும்.

கேள்வி: ஐயா, வார்டெக்ஸ் மீட்டர் மாட்டி ரெண்டு மாசம் ஆச்சு, பகல்ல அருமையா ஓடுது. ஆனா காவடி லீவுல ஃபேக்டரி பூட்டியிருந்தது, திரும்பி வந்து பாத்தா மொத்தக் கணக்கு காட்டுற டோட்டலைசர்ல தண்ணி ஏறியிருக்கு. பம்பே ஓடலை. பூதமா?

பதில்: பூதம் இல்ல, ரெண்டுல ஒண்ணு. பக்கத்துல ஏதாவது கம்ப்ரஸரோ தண்ணிப் பம்போ லீவுல ஓடிச்சான்னு வாட்ச்மேனைக் கேளுங்க. குழாய் அதிர்ந்தா சென்சார் அதையும் சுழின்னு எண்ணிடும், குழாயை ரெண்டு பக்கமும் சப்போர்ட் போட்டு இறுக்குங்க. மீட்டர் ஃப்ரீக்வன்சி சரியா 50 ஹெர்ட்ஸ்லயே நிக்குதுன்னா அது கரன்ட் லைன்ல இருந்து வர்ற இரைச்சல், கேபிள் ஷீல்டையும் எர்த்தையும் பாருங்க. பம்ப் நிக்கும்போது டிஸ்பிளே 0 காட்டுற வரைக்கும் லோ ஃப்ளோ கட் ஆஃபை, அதாவது அதுக்குக் கீழ வர்ற ஓட்டத்தை எண்ணாம விடுற செட்டிங்கை, மெல்ல மெல்ல ஏத்துங்க, ரொம்ப ஏத்திட்டா நிஜ ஓட்டத்தையும் வெட்டிடும்.

அதுவும் இல்லைன்னா தண்ணியை ஒரே பக்கம் மட்டும் விடுற செக் வால்வு. ஃபீட் டேங்க் மேல இருக்கு, செக் வால்வு சரியா மூடலைன்னா தண்ணி பின்னாடி ரிசீவருக்கே இறங்கும், வார்டெக்ஸுக்கு முன்னா பின்னான்னு தெரியாது, எந்தப் பக்கம் போனாலும் கூட்டிக்கிட்டே இருக்கும். ரொம்ப மெதுவா ஒழுகினா மீட்டர் எண்ணாது, நல்லா ஒழுகினா எண்ணும், அப்ப பகல்ல பம்ப் அதே தண்ணியை ரெண்டாவது தடவை மேல ஏத்தியிருக்கும். லீவுக்கு முன்னாடி ரிசீவர் மட்டம் எங்க இருந்துச்சு, வந்தப்ப எங்க இருந்துச்சுன்னு யாராவது பாத்தாங்களா? ஏறியிருந்தா செக் வால்வைக் கழட்டிப் பாருங்க, சீட்ல ஒரு துண்டு வெல்டிங் கசடு உக்காந்திருக்கும்.